றேடியோவுக்குப் பின்னால் தொங்கிய மணிக்கூடு

குஞ்சு!

உன்னை ஒருநாளும் நான் பரமேசுவரி என்று கூப்பிட்டதில்லை. தந்தியில் அந்தப் பெயர்தான் இருந்தது. ஓமந்தையில் மகள் வீட்டு முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டு நின்றேன். தபால்காரத் தம்பி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, "அம்மா, இங்கிலீசிலை கிடக்கு, வாசிக்கட்டே?" என்று கேட்டான். வாசித்தான். "உருத்திரபுரத்திலை பரமேசுவரி எண்டு ஆரோ மோசம் போட்டாவாம். நாளைக்கு எடுக்கினமாம்."

"அது ஆரப்பா பரமேசுவரி?" என்று நான் அவனையே கேட்டேன். கேட்டு முடிக்குமுன்னமே எனக்கு விளங்கிவிட்டது. சுளகைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அந்தப் பொடியன் பாவம், தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினான்.

செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று குஞ்சுவின் மகள் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வம்ச விபரம், பிள்ளைகள், மருமக்கள் பெயர் எல்லாம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அதில் ஒரு விசயம் எங்களோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிய வாய்க்கால்காரர் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதச் சம்மதித்தேன்.

அரசாங்கக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்த அன்று எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே லொறியில் வந்தோம். மற்றப் பெண்கள் அம்மியையும் கோழிக்கூட்டையும் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். குஞ்சு மட்டும் மடியில் ஒரு தகரப் பிஸ்கற் பேணியை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருந்தாள். லொறி பள்ளத்தில் விழும்போதெல்லாம் பேணியைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன, பலகாரமோ?" என்று கேட்டேன்.

"ஓம். கடிச்சால் பல்லுப் போம்."

திறந்து காட்டினாள். உள்ளே திருகாணி கழற்றுகிற சின்னச் சின்னத் திருப்புளிகள், நுள்ளி எடுக்கிற ஒரு சாமணம், கண்ணில் வைத்துப் பார்க்கிற கறுப்புக் குழாய்க் கண்ணாடி, உளுந்தளவில் பித்தளைச் சில்லுகள். அவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணப் பட்டினத்தில் மணிக்கூடு திருத்துகிறவர். அவருக்குப் பார்வை குறைந்தபோது வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே நுணுக்கமான வேலையெல்லாம் இவள்தான் செய்தாளாம். கலியாணம் பேசி வந்தபோது தாய்க்காரி இதை ஒரு நோய் மாதிரி மறைத்து வைத்தாவாம். கலியாணம் முடிந்து நாலாம் நாள் மாமனாரின் சுவர் மணிக்கூடு நின்றுபோக, இவள் கதிரையில் ஏறி அதைக் கழற்றினாளாம். "அண்டைக்குத்தான் என்ரை குட்டு வெளிச்சது" என்று சிரிப்பாள்.

எங்கள் வாய்க்காலில் பன்னிரண்டு குடும்பம். கடைசிக் காணி கந்தையா அண்ணையுடையது. முதல் வருசமே அவர் வேலியடியில் நின்று, "பொம்பிளை திறந்த மணிக்கூடு ஓடுமோ?" என்று கேட்டார். குஞ்சு மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மணிக்கூட்டுக்குக் கண் இல்லை அண்ணை. ஆர் திறக்கிறது எண்டு அதுக்குத் தெரியாது."

மத்தியானம் சமையல் முடித்து நான் அவளிடம் போவேன். வாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து வேலை செய்வாள். அந்தக் கண்ணாடியை ஒருநாள் என் கண்ணில் வைத்துவிட்டாள். "மூச்சை அடக்கு. தும்மினியெண்டால் கிளிநொச்சி முழுக்கத் தேடவேணும்." நான் பார்த்தேன். தலைமயிரிலும் மெல்லிய ஒரு சுருள், விரிகிறது, சுருங்குகிறது. அதோடு ஒரு சில்லு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. பிறந்த பிள்ளையின் உச்சி துடிக்கிற மாதிரி இருந்தது. "இந்தச் சுருள்தான் மணிக்கூடு. மிச்சமெல்லாம் இதுக்குச் சோறு போடுற ஆக்கள்" என்றாள்.

தகப்பனார் சொன்ன கதைகளையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். ஆதியில் வந்த மணிக்கூட்டுக்கு ஒரு முள்தானாம், நிமிச முள்ளே இல்லையாம். நான், "அப்ப நல்ல காலம்தான்" என்றேன். இந்தச் சுருள் கண்டுபிடிக்க முன்னம் பன்றிமயிரை வைத்துச் சில்லை அடக்கினார்களாம். அது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், ஒருவரும் கோவிக்கவில்லையாம். எனக்குப் பிடித்த கதை சுவிஸ் தேசத்துக் கதை. அங்கே பனி கொட்டுகிற மாதங்களில் வயலுக்குப் போக ஏலாது. அப்போது கமக்காரர் சன்னலோரம் இருந்து சில்லு அராவுவார்களாம். ஒரு வீட்டில் சில்லு, இன்னொரு வீட்டில் திருகாணி, வசந்தம் வர எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவார்களாம். "எங்களை மாதிரி வெள்ளாண்மைச் சனம்தான்டி தங்கம். பெருநகரத்துப் பெரிய ஆக்கள் இல்லை" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி இருக்கும்.

இனி, கோடையில் விதைத்த அந்தச் சிறுபோகத்துக் கதை.

அந்த வருசம் மழை குறைவு. குளத்தில் தண்ணீர் கீழே போய்விட்டது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் என்று வந்தது. பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு நாள் முழுக்கச் சரி. எல்லாரும் சேர்ந்து ஒரு பொக்கற் மணிக்கூடு எடுத்திருந்தார்கள். அது எங்கள் வீட்டில் இருந்தது. ஒவ்வொருவருடைய நேரம் முடிய என்னுடைய மனுசன் முற்றத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் அடிப்பார். சத்தம் கேட்டதும் அவர் மடையைக் கட்டி அடுத்தவருக்கு விட வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்கு றேடியோவில் நேரம் சொல்லும்போது இவர் அந்த மணிக்கூட்டை அதற்குச் சரியாக வைப்பார்.

போகம் தொடங்க முன்னம் குஞ்சு அதைக் கழுவி எண்ணெய் போட்டுத் தந்தாள். தரும்போது இரண்டு சொல் சொன்னாள். "தண்ணி படவிடாதை. றேடியோவுக்குக் கிட்ட வையாதை." முதலாவது சொல்லை நான் எடுத்தேன். இரண்டாவது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. நகைக்கடைக்காரர் சொல்லுகிற மாதிரி ஏதோ வழமைக் கதை என்று நினைத்தேன்.

சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. எதை எங்கே வைத்தாலும் எட்டி எடுப்பான். மணிக்கூட்டைச் சுவரில் தூக்கினேன், வாங்கில் ஏறி இழுத்தான். அலுமாரிக்கு மேலே வைத்தேன், தடி எடுத்துத் தட்டினான். எங்கள் பற்றறி றேடியோவின் பின்பலகை சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும். அவன் கை போகாத இடம் அது ஒன்றுதான். அந்தப் பலகையில் ஒரு ஆணி அடித்து, சங்கிலியில் தொங்கவிட்டேன். றேடியோவில் நேரம் சொல்ல, கையைப் பின்னால் விட்டு எடுக்கவும் லேசு. என் கெட்டித்தனத்தை நானே மெச்சினேன். இவரும், "நல்ல இடம்" என்றார்.

இரண்டு கிழமைக்குள் மணிக்கூடு முந்தத் தொடங்கியது. ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம். இவர் ஒவ்வொரு பின்னேரமும் முள்ளைப் பின்னுக்குத் தள்ளுவார். பழைய மணிக்கூடு அப்படித்தான் என்று விட்டுவிட்டார். குஞ்சுவிடம் சொன்னால் அவள் வேலையைக் குறை சொன்ன மாதிரி இருக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

எங்கள் முறை பின்னேரம் ஐந்திலிருந்து ஏழு. நாங்கள் அதைக் கணக்குப் பார்க்கவில்லை, மற்றவர்கள் பார்த்தார்கள். மணிக்கூடு முந்தி ஓடியதால் எல்லாருக்கும் நாலு நிமிசம் போலக் குறைந்தது. பின்னுக்குத் தள்ளிய முக்கால் மணித்தியாலமும் எங்கள் முறைக்குள் விழுந்தது. எங்கள் வயல் பச்சையாக நின்றது. கடைக்கோடியில் கந்தையா அண்ணையின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், அவருடைய மேட்டுத் துண்டு வெடித்துப்போனது. அவருக்கு மகன் வவுனியாவிலிருந்து ஒரு கைமணிக்கூடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவர் அதை வைத்து ஐந்து நாள் பார்த்திருக்கிறார். ஐந்தாம் நாள் வந்து எங்கள் வேலிப் படலையில் நின்று கத்தினார்.

"வேலாயுதம், நீ முள்ளைத் திருப்பினதை என்ரை கண்ணாலை கண்டனான்!"

"ஓம் அண்ணை, திருப்பினனான். ஒவ்வொரு நாளும் திருப்பிறனான். ஒளிச்சே திருப்பினனான்?"

"கேட்டியளே, களவெடுக்கிறவன் வாயாலையே சொல்லுறான்!"

ஞாயிற்றுக்கிழமை மருதமரத்தடியில் வாய்க்கால்காரர் எல்லாரும் கூடுவது என்று முடிவாயிற்று. களவு உறுதியானால் போகம் முடியும்வரை எங்கள் மடையைப் பூட்டுவது. கதிர் பால்பிடிக்கிற நேரம். பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் முழுக்கப் பதர். அதோடு இவர் கள்ளன் என்ற பெயர். இவர் அன்று சாப்பிடவில்லை. வரம்பில் போய்க் குந்திக்கொண்டு இருந்தார்.

சனிக்கிழமை மணிக்கூட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு குஞ்சுவிடம் ஓடினேன். அவள் எப்போதும் செய்கிற மாதிரி முதலில் காதில் வைத்தாள். முகம் மாறியது. மூடியைத் திறந்து பார்த்தாள். "சுருளிலை ரண்டு வளையம் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கு. அதுதான் பறக்குது" என்றாள். பேணியிலிருந்து தகப்பனாருடைய பொத்தானளவு திசைகாட்டியை எடுத்துக் கிட்ட வைத்தாள். ஊசி சுழன்று மணிக்கூட்டைப் பார்த்து நின்றது.

"இது எங்கை தொங்கினது?"

சொன்னேன்.

"தங்கம், நான் உனக்கு என்ன சொல்லித் தந்தனான்?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். பெண்சாதி வேணுமென்றே செய்தாள், புருசன் தண்ணீர் எடுத்தான் என்றுதான் கந்தையா அண்ணை சொல்லுவார். இவரும் என்னை என்ன நினைப்பார்? சொல்லியும் கேட்காதவள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். இதெல்லாம் சொல்லி அழுதேன்.

"மூக்கைத் துடை. மணிக்கூட்டுக்குள்ளை விழப்போகுது" என்றாள் குஞ்சு. பிறகு மூடியை மூடினாள். "இப்ப திருத்தினால் ஒருத்தரும் நம்பாயினம். நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை செய்வம். நீ வாய் திறவாதை."

மறுநாள் காலை அவள் இடுப்பில் பேணியோடு மருதமரத்தடிக்கு வந்தாள். எங்கள் றேடியோவைத் தூக்கிவரச் சொன்னாள். கந்தையா அண்ணை, "என்ன, பாட்டுக் கச்சேரியோ?" என்றார். "ஓம் அண்ணை, நீங்கள் ஆடுறதெண்டால் போடுறன்" என்றாள். கோபமாக இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

திசைகாட்டியைக் கந்தையா அண்ணையின் கைமணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், ஊசி பேசாமல் நின்றது. எங்கள் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், திரும்பியது. றேடியோவின் பின்பக்கம் கொண்டுபோனாள், பேய் பிடித்த மாதிரிச் சுழன்றது. "உள்ளை காந்தம் இருக்கு. அது மணிக்கூட்டுக்கும் ஏறிப்போச்சு. வேலாயுதம் அண்ணை ஒரு களவும் செய்யேல்லை" என்றாள்.

"அதை றேடியோவுக்குப் பின்னாலை தூக்கினது ஆர்?" என்று கந்தையா அண்ணை கேட்டார். அவர் அதை விடுகிறவர் இல்லை.

குஞ்சு கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தூக்கச் சொன்னது நான். பாதுகாப்பான இடம் எண்டு நான்தான் தங்கத்துக்குச் சொன்னனான். காந்தம் இருக்கும் எண்டு யோசிக்கேல்லை. பிழை என்னிலை."

நான் பெண்களுக்கு நடுவில் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாய் திறந்தது. இவருடைய முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு ரத்தவோட்டம் வந்ததைக் கண்டேன். வாயை மூடிக்கொண்டேன். குஞ்சு என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததை அங்கே நின்ற ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மணிக்கூட்டை நூலில் கட்டி, நூலை முறுக்கி, றேடியோவின் பின்பக்கத்துக்கு நேரே பிடித்து விட்டாள். அது பம்பரம் மாதிரிச் சுழன்றது. அது சுழலச் சுழல அவள் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனாள். "ஏறின இடத்திலைதான் இறக்கவேணும். கெதிப்பட்டால் சரிவராது" என்றாள். வாய்க்கால் கரைவரை போய் நின்றாள். திசைகாட்டியை வைத்தாள். ஊசி அசையவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு றேடியோ நேரம் சொல்ல, இவர் முள்ளைத் தொடவே தேவை இருக்கவில்லை. எங்கள் பங்கிலிருந்து ஐந்து முறையைக் கடைக்கோடிக்கு விட்டோம். கந்தையா அண்ணையின் மேட்டுத் துண்டிலும் கொஞ்சம் விளைந்தது.

எங்கள் பெயர் தப்பியது, அவள் பெயர் போனது. "வீட்டிலை கோழி பாக்கிற ஆளிட்டை மணிக்கூட்டைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்று கந்தையா அண்ணை தேத்தண்ணிக் கடையில் சொன்னது ஊரெல்லாம் போனது. ஜெயபுரத்திலிருந்து சுவர் மணிக்கூட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார். மூன்று போகம் ஒருவரும் வரவில்லை. பிஸ்கற் பேணி அலுமாரிக்கு மேலே ஏறியது. வாசல் வெளிச்சத்தில் அவள் பனையோலைக் கடகம் இழைத்தாள். நல்லாக இழைக்கவும் மாட்டாள். ஒருநாள் நான் பேணியை இறக்கித் தூசு தட்டினேன். "விடு. அது அதின்ரை பாட்டிலை கிடக்கட்டும்" என்றாள். ஊருக்கு உண்மையை இப்போது சொல்லலாம், அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்து நினைத்து அவளோடு புளி உடைத்தேன், நெல் அவித்தேன், கோயிலுக்குப் போனேன்.

பிறகு கந்தையா அண்ணையின் கைமணிக்கூடு சேற்றில் விழுந்தது. மணிக்கூட்டுக் கடைக்காரர் கைவிட்டுவிட்டார். அவருடைய மனுசி அதை வெற்றிலைப் பைக்குள் ஒளித்துக் குஞ்சுவிடம் கொண்டுவந்தா. வவுனியாவில் திருத்தியது என்று சொல்லி அவருக்குக் கட்டிவிட்டா. ஒரு வருசம் கட்டியிருந்தார். உண்மை தெரிந்த அன்று குஞ்சு வீட்டுப் படலையில் வந்து நின்று, "பிள்ளை, உது நீயோ?" என்று கேட்டார். "மணிக்கூட்டுக்குக் கண் இல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான் அண்ணை" என்றாள். அதற்குப் பிறகு பழையபடி ஆட்கள் வந்தார்கள். ஆனால் அந்த மூன்று போகத்தை அவளுக்கு ஆர் திருப்பிக் கொடுப்பது?

வாய்க்காலுக்கு வேறு ஒழுங்கு வந்தபோது அந்தப் பொக்கற் மணிக்கூட்டை எல்லாருமாக எங்களுக்கே தந்தார்கள். இவர் போய், நான் மகளோடு ஓமந்தைக்கு வந்து இரண்டு வருசமாகிறது. இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு அதை எண்ணெய் போட எடுத்துக்கொண்டு ஓமந்தையிலிருந்து வந்தேன். கோவிக்க இவரும் இல்லை, சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். அவள் மெலிந்திருந்தாள். நெஞ்சு வருத்தம் என்று அப்போதும் என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடியை வைத்துச் சுருளைப் பார்த்துக்கொண்டே, "நீ என்னவோ சொல்ல வந்தனீ" என்றாள்.

"ஒண்டுமில்லை. ஓடுதோ எண்டு பாக்கத்தான்."

"அது ஓடும்."

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "மூடட்டே?" என்று கேட்டாள்.

"மூடு" என்றேன்.

தந்தி வந்த மறுநாள் முதல் பஸ்ஸில் செத்தவீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குனிந்து அவள் காதில் சொல்லலாம் என்று பார்த்தேன். சுற்றி அத்தனை பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள், எனக்கும் அழுகைதான் வந்தது. அவளை எடுத்துக்கொண்டு போக, படலைவரை போய் நின்றேன். கந்தையா அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு, தன் கைமணிக்கூட்டைத் தடவியபடி சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவருக்கு என்னிலும் பார்க்கச் சுத்தமான மனம்.

அந்தியில் குஞ்சுவின் மகள் என் கையில் ஒரு துணி முடிச்சைத் தந்தாள். அந்தத் திசைகாட்டி. "அம்மா ஆசுப்பத்திரிக்குப் போக முன்னம் தங்கம் மாமிக்கு எண்டு எடுத்து வைச்சவா."

"ஏன் எண்டு கேட்டனீயோ பிள்ளை?"

"கேட்டனான் மாமி. அவளுக்குத் தெரியும் எண்டவா."

கந்தையா அண்ணை, வாய்க்கால்காரர் எல்லாரும், இதைச் சத்தமாக வாசியுங்கள். றேடியோவுக்குக் கிட்ட வையாதை என்று குஞ்சு எனக்குச் சொல்லித்தான் தந்தவள். ஆணி அடித்தது நான், தொங்கவிட்டது நான். மருதமரத்தடியில் அவள் சொன்னது பொய். அந்தப் பொய்யில்தான் நாங்கள் அந்த வருசமும் பிறகும் சோறு தின்றோம். அவள் கையில் ஒருநாளும் பிழை வரவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, சாவி கொடுக்க முன்னம் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கம். மற்றது இந்தத் திசைகாட்டி. ஒவ்வொரு காலையும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஊசி அசையவில்லை. மத்தியானம் சமையல் முடிந்ததும் என் கால் தானாகப் படலைக்குப் போகிறது. நீ இருக்கிற வாசல் இது இல்லை என்று பிறகுதான் நினைவு வருகிறது.

குஞ்சு, அண்டைக்கு மூடியைக் கையிலை வைச்சுக்கொண்டு நீ எதைக் கேட்டனீ, மணிக்கூட்டை மூடுறதையோ, அந்தக் கதையை மூடுறதையோ?